ஒரு மணி மிஸ்டு கால்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்த பிறகும் பாதி வழியில் திரும்பிப் போய் சிலிண்டரை ஒருமுறை திருகிப் பார்க்கிற ஆள் நான். கிணறு என்றால் பயம், கரண்ட் என்றால் பயம், மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தை எடுக்கப் போனால் கால் வழுக்குமோ என்று பயம். இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்? ஊருக்கு அறிவுரை சொல்லுவாள். நானும் அதைத்தான் செய்தேன்.

எங்களுடையது ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன டவுன். ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கோடை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தோறும் அதில் ஒரு பக்கம் எழுதிப் போடுவது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை, நானாக எடுத்துப் போட்டுக்கொண்டது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணீர் வரும், எந்தக் கிழமை கரண்ட் நிறுத்தப் போகிறார்கள், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு என்றைக்குப் பூச்சாட்டு என்பதெல்லாம் மேலே இருக்கும். கீழே என் பயங்கள் வரிசையாக வரும். பிள்ளைகளைக் கிணற்றுக்குத் தனியே அனுப்பாதீர்கள். ஊருக்குப் போனால் சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் வைக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் வைக்கிறீர்கள் என்று திருடனுக்கும் தெரியும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யாரும் வெயிலில் நிற்காதீர்கள். மயங்கி விழுந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உடம்பைக் குளிர வையுங்கள்.

படித்துவிட்டுச் சிரிப்பார்கள். கடைவீதியில் என்னைப் பார்த்தால், "அக்கா, இன்னிக்கு எதுக்குங்க பயப்படோணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முறைத்துவிட்டுப் போவேன். ஆனால் ஒருவர்கூடப் படிக்காமல் விடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். ஊருக்கு வெளியே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதினெட்டு வருஷமாக சூப்பர்வைசர். பாம்பைப் பார்த்தால் நின்று ரசிப்பார். ஷெட்டின் தகரக் கூரைமேல் வெறும் காலோடு நடப்பார். பயம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே பயந்துக்கோ புள்ள" என்பார்.

கோழிப் பண்ணைக்காரனுக்குக் கோடை என்றால் அது கோழிக்குத்தான் கோடை. கூரையில் தென்னங்கீற்று பரப்பி அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். கூண்டு வரிசைக்கு மேலே குழாய் போட்டுப் பனி மாதிரித் தண்ணீரைத் தூவ விடுவார்கள். தீவனத்தை விடியும் முன்பே கொடுத்து முடித்துவிடுவார்கள், மதியம் தின்றால் கோழிக்குச் சூடு ஏறும். எந்தக் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, எது இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது என்று அவர் நூறு அடி தூரத்திலிருந்தே சொல்லுவார். தனக்குத் தாகம் எடுக்கிறதா என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்தப் பண்ணைக்குள் நான் கால் வைத்ததே கிடையாது. நோய் வந்துவிடும் என்று வெளியாளை விடமாட்டார்கள். ஷெட்டுக்குப் போகும் வழியில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், வேலைக்காரர்களே அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனையும் கேட் ரூமில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் காலையில் போனவருடன் மதியம்வரை பேச்சே இருக்காது. ஒரு மணிக்குச் சாப்பிட கேட் ரூமுக்கு வருவார், போனை எடுப்பார், எனக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் செய்வார். நல்லா இருக்கிறேன், சாப்பிட உட்கார்ந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். பேசினால் காசு போகும் என்றிருந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம். அந்தக் காலம் போயும் பழக்கம் போகவில்லை. ஒரு ரிங் அடித்தால் நான் போனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அது அடித்தால் போதும், உலையில் அரிசி வெந்தமாதிரி மனசு அடங்கிவிடும்.

இது எனக்கு அவ்வளவு பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. போன கோடையில் கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, ஊருக்கே எழுதிவிட்டேன். வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவும், வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைப்பவர்கள், ரோடு போடுகிறவர்கள், போர்வெல் போடும் வண்டியோடு போகிறவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். ஒரு மணிக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு போன் ஒருமுறை அடித்து நிற்கும். அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கத்திரியில் ஒரு திங்கட்கிழமை, பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தினார்கள். அதை நான்தான் முந்தின நாள் எழுதிப் போட்டிருந்தேன். காலையில் கிளம்பும்போதே அவர் முகம் சரியில்லை. பண்ணையில் ஜெனரேட்டர் இரண்டு நாளாக மக்கர் செய்கிறது, இன்றைக்குப் பார்த்துக் கரண்டும் இல்லை என்றார். சாப்பாட்டு டப்பாவோடு மோரும் ஊற்றிக் கொடுத்தேன். "கூரை மேல ஏறாதீங்க" என்றேன். "நான் ஏறாம கோழியா ஏறும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. ஒரே ரிங், நின்றுவிட்டது. நான் முறத்தால் விசிறிக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு இருபது நிமிஷம் முன்னாடியே வந்துவிட்டார், பசி போல என்று நினைத்தேன். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் பயந்தவள், அந்த ஒரு ரிங்குக்குப் பயப்படவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

ஒரு மணி ஆனதும் குழுவில் எழுதினேன். "எங்கள் வீட்டில் மிஸ்டு கால் பன்னிரண்டு நாற்பதுக்கே வந்தாயிற்று. உங்கள் வீட்டில்?" சிலர் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டார்கள். சிலர் வந்துவிட்டது என்றார்கள். பத்து நிமிஷம் கழித்து எங்கள் தெருக் கோடியில் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. அதே பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். என்னைச் சீண்டுவதற்காகத்தான் எழுதியிருந்தாள், சிரிக்கிற மூஞ்சி மூன்று போட்டிருந்தாள்.

"அதிசயமா இருக்குதுங்கக்கா. கரண்ட் இல்லாத நாள்ல அண்ணன் மூணு மணி வரைக்கும் சோத்துப் பக்கமே வர மாட்டாரே."

ஒருமுறை படித்தேன். மறுபடியும் படித்தேன். ஆமாம். கரண்ட் இல்லாத நாளில் அவர் கோழியை விட்டுவிட்டு பன்னிரண்டு நாற்பதுக்கு ஏன் கேட் ரூமுக்கு வருகிறார்? இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாள் வந்ததுண்டா? நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற அன்றைக்கு மிஸ்டு காலே மூன்று மணிக்குத்தானே வரும்?

அவரைக் கூப்பிட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். முட்டை பொறுக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் எடுத்ததும், "நீ எங்கிருக்கற? அங்க யாரு இருக்கறாங்க?" என்று கத்தினேன்.

"நாங்கெல்லாம் பதினோரு மணிக்கே ஊட்டுக்கு வந்துட்டமுங்க. அண்ணன்தான் தொரத்திவிட்டாரு. 'என்ற ஊட்டுக்காரி எழுதியிருக்கறா, பன்னெண்டு மணிக்கு மேல வெயில்ல யாரும் நிக்கக் கூடாதுன்னு. போங்க போங்க'ன்னாரு."

"அப்ப அங்க?"

"அவரு மட்டுந்தானுங்கக்கா."

அவள் குரலும் மாறிவிட்டது. "நான் மொபெட்ல வாரேன், நீங்க போங்க" என்றாள்.

ஸ்கூட்டியை எப்படி எடுத்தேன் என்று நினைவில்லை. செருப்புப் போடவில்லை, வீட்டைப் பூட்டவில்லை, அடுப்பில் ரசம் இருந்தது. மதியம் ஒன்றேகாலுக்கு நடு வெயிலில் நான் மட்டும்தான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். காற்று முகத்தில் அடித்தது, அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் வாய்விட்டு வேண்டிக்கொண்டே போனேன். தூங்கிவிட்டிருக்கட்டும், சாமி. கோபமாக இருக்கட்டும். எதற்கு வந்தாய் என்று திட்டட்டும். ஊர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தட்டும். உயிரோடு திட்டட்டும்.

கேட் சும்மா சாத்தியிருந்தது. கேட் ரூமில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. மோர் பாட்டிலும் அப்படியே. நாற்காலிக்கடியில் தரையில் போன் கிடந்தது, என் இரண்டு அழைப்பும் அதில் தெரிந்தது. ஆள் இல்லை.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன். கோழிச் சத்தம்தான் வந்தது. அதுவும் எப்போதும் தூரத்திலிருந்து கேட்கிற சத்தம் இல்லை. கொக்கரிப்பு இல்லை. ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து மூச்சு வாங்குகிற ஒரு இரைச்சல்.

ஷெட்டுக்குப் போகிற வழியில் மருந்துத் தொட்டி இருந்தது. நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் நின்று இரண்டு காலையும் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். பதினெட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிய விதி, உடம்பு தானாகச் செய்தது. வெடித்த குதிகாலில் மருந்து சுரீரென்று எரிந்தது.

இரண்டாவது ஷெட்டில், கூண்டு வரிசைகளுக்கு நடுவிலான நடைபாதையில் கிடந்தார். போனை எடுத்த மனிதர், அதைப் போட்டுவிட்டுப் புத்தி தடுமாறி மறுபடி கோழிகளிடமே நடந்து போயிருக்கிறார். பக்கத்தில் கூண்டுமேல் போட நனைத்து எடுத்து வந்த சாக்கு ஒன்று கிடந்தது, அதற்குள் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. தொட்டேன். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தோசைக்கல் மாதிரிச் சுட்டது. கண் பாதி திறந்திருந்தது. ஏதோ முனகினார், அது எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு நின்றன. அவரும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

இப்போது சொல்கிறேன், எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. நிழலில் படுக்க வை, துணியை நனை, விசிறு என்று மூன்று கோடையாக ஊருக்கு எழுதியவள் நான். ஒரு வரிகூட வரவில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேயே கிடந்த ஒரு மக்கை எடுத்துத் தொட்டிக் குழாயைத் திறந்து அவர்மேல் ஊற்றினேன். கூரைக்கு மேலிருந்த கறுப்புத் தொட்டியின் தண்ணீர். டீ போடலாம் போலக் கொதித்தது. ஊற்றிய பிறகுதான் என் கையே சுட்டது. நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று அந்த நிமிஷத்தில் நிச்சயமாக நினைத்தேன்.

அதற்குள் முட்டை பொறுக்கும் பெண் ஓடி வந்துவிட்டாள். அவள் என் போஸ்ட்டை எல்லாம் உண்மையாகவே படித்தவள். "அக்காவ், அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க. மருந்துப் பெட்டி, மருந்துப் பெட்டி" என்று கத்திக்கொண்டே ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். கோழிகளுக்குப் போட அன்று காலையில் தடுப்பு மருந்து வந்திருந்தது, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி. வெயில் இறங்கியதும் போடலாம் என்று அவர்தான் எடுத்து வைத்திருந்தார். மருந்துப் புட்டிகளை அப்படியே தரையில் கொட்டிவிட்டு ஐஸை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"கக்கத்துல வைங்க. கழுத்துல. தொடையிடுக்குல. நீங்கதானுங்க எழுதுனீங்க!"

வைத்தேன். என் சேலை முந்தானையை ஐஸ் தண்ணீரில் முக்கி அவர் மார்பில் போட்டேன். அவள் முட்டை அட்டையால் விசிறினாள். இன்னொரு கையால் ஆம்புலன்சுக்குப் போன் செய்து, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். அட்டையின் காற்றில் கோழி இறகு பறந்து அவர் முகத்தில் ஒட்டியது. அதை எடுத்துவிட்டு எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு நின்றுவிடுமோ என்று அவர் வயிற்றை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். "எத்தனை மணிக்கு மயங்கினார்?"

"பன்னெண்டு நாப்பது இருக்குமுங்க."

"நீங்க எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"ஒண்ணு இருபத்தஞ்சு."

அவர் எழுதிக்கொண்டார். நடுவில் இருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் நான் புளி கரைத்ததையும் குழுவில் பெருமை பேசியதையும் அவர் கேட்கவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வேலை பார்க்கும் என் மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். அவளும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று அந்த வராந்தாவில் நான் பயந்துகொண்டே இருந்தேன். கேட்டிருந்தாலாவது அழுதிருப்பேன்.

அவர் என்னை அடையாளம் கண்டது மறுநாள் மதியம். பேசியது அதற்கும் அடுத்த நாள். நாக்கு தடித்துப் போய், ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுத்தார். போகப் போகச் சரியாகும், சிறுநீரகம் தப்பித்ததே பெரிது என்றார் டாக்டரம்மா. நான் அவர் காதருகே குனிந்து, "எதுக்குங்க எனக்கு மிஸ்டு கால் குடுத்தீங்க? ஒடம்பு முடியலைன்னு கூப்புட்டுச் சொல்லக் கூடாதா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன், கோபம்தான்.

அவர் வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார்.

"கூப்படத்தான் எடுத்தேன் புள்ள" என்றார். "ஒரு ரிங் போச்சு. கை தானா கட் பண்ணிருச்சு."

பதினெட்டு வருஷம் ஒரே மாதிரி வெட்டிப் பழகிய கட்டைவிரல். புத்தி கலங்கிய பிறகும் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. மறுபக்கம் இருந்த நானோ ஒரு ரிங்குக்குக் கை நீட்டாமல் பழகியவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கூப்பாட்டைக் கட் செய்தோம். அதையே நான் ஊருக்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அன்றே எழுதினேன். அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. "மிஸ்டு கால் கொடுங்கள் என்று நான் எழுதியது தப்பு. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கூப்பிடுங்கள், எடுத்துப் பேசுங்கள், குரலைக் கேளுங்கள். குரல் குழறினால் உடனே ஓடுங்கள். இன்னொன்று, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யாரும் வெயிலில் தனியாக நிற்காதீர்கள்." என் வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன், புளி கரைத்தது உட்பட. அன்றைக்கு யாரும் சிரிக்கிற மூஞ்சி போடவில்லை. இப்போது ஒரு மணிக்கு எங்கள் தெருவில் போன் ஒருமுறை அடித்து நிற்பதில்லை. "சோறுண்டீங்களா, எங்க நிக்கறீங்க, நெழல்லயா" என்று வீட்டுக்கு வீடு சத்தம்தான்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாம் நாள். முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். நான் சமையலறையில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். மணி ஒன்று. மேடைமேல் இருந்த போன் அடித்தது. அவர் பெயர்.

கரண்டி கீழே விழுந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பத்தடி தூரம்தான், ஆனால் பண்ணைக்குப் போன அந்த ரோடு முழுவதும் மறுபடியும் என் காலுக்கடியில் போயிற்று. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். விளையாட்டா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று, நான்கு. அப்போதுதான் கவனித்தேன். வலது கையில் போனைப் பிடித்திருந்தார். கட் செய்ய எழும்புகிற அந்தக் கட்டைவிரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

எதிரே நின்றபடியே எடுத்துக் காதில் வைத்தேன். அவர்தான் பேசினார், வார்த்தை வார்த்தையாக, ஒரு காதில் போனிலும் மறு காதில் நேரிலுமாகக் கேட்டது.

"ஏதாச்சும் பேசு புள்ள. எனக்குப் பயமா இருக்குது."